க்ரெப், ஆக், சூடூ: யூனிக்ஸ் கட்டளைப் பெயர்களை எப்படிச் சொல்வது

ஒருவர் தொலைபேசியில் யூனிக்ஸ் என்ற கணினி இயக்க அமைப்பின் கட்டளையைச் சொல்கிறார். மறுமுனையில் இன்னொருவர் அதை சர்வரில் தட்டுகிறார். உச்சரிப்பு கைகொடுப்பதும் காலை வாருவதும் அந்த நேரத்தில்தான். 'கேட்' என்று சொன்னது 'கட்' என்று காதில் விழுந்தால், கோப்பைக் காட்டும் கட்டளைக்குப் பதில் வரிகளை நறுக்கும் கட்டளை ஓடும். எதை நறுக்குவது என்று தெரியாமல் அது ஒரு பிழைச்செய்தி தரும், அதோடு போயிற்று. 'செட்' விஷயம் அப்படியல்ல. வரிகளைத் திருத்தும் கட்டளையின் கடைசி எழுத்து டெல்லியின் முதலெழுத்து. அதை டைமின் முதலெழுத்தாகக் கேட்டுத் தட்டினால், அந்தப் பெயரில், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரலுக்குள்ளேயே வேறொரு கட்டளை இருக்கிறது. பின்னால் கொடுத்ததையெல்லாம் தன் மாறிகளில் போட்டுக்கொண்டு அது பேசாமல் இருந்துவிடும். பிழைச்செய்தியும் வராது, கோப்பும் மாறாது. ஏன் வேலை நடக்கவில்லை என்று இருவரும் வெகுநேரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்கு நல்ல மருந்து, பெயரின் மூலத்தைத் தெரிந்துகொள்வது. எந்தச் சொல்லைச் சுருக்கி அந்தப் பெயரை வைத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் எழுத்து மறக்காது, உச்சரிப்பும் பெரும்பாலும் தானாக அமைந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் 'எல்-எஸ்' என்பதுபோல் கோடு போட்டிருப்பது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியது. 'க்ரெப்' என்பதுபோல் சேர்ந்திருப்பதை ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டும்போது 'டீ' என்று நெடிலாக வந்தால் அது டைம், டேபிள் ஆகியவற்றின் முதலெழுத்து. 'டி' என்று குறிலாக வந்தால் டெல்லி, டிசம்பர் ஆகியவற்றின் முதலெழுத்து.

விநாடிக்குப் பத்து எழுத்து

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் முதல் கர்த்தாக்கள். அன்று அவர்கள் முன்னால் இருந்தது திரையல்ல. டெலிடைப் மாடல் 33 என்ற, காகிதச் சுருளில் அச்சடிக்கும் தட்டச்சு எந்திரம். அது விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். 72 எழுத்து கொண்ட ஒரு முழு வரி வந்து முடிய 7 விநாடிக்கு மேல். விசைகளையும் ஆழமாக அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை தட்டும் சொல்லில் இரண்டு எழுத்து குறைந்தால் விரலுக்கு அவ்வளவு நிம்மதி.

இரண்டெழுத்துக் கட்டளைகள் இத்தனை இருப்பதற்கு இதுதான் காரணம். 'லிஸ்ட்' என்பது எல்-எஸ், 'காப்பி' என்பது சி-பி, 'மூவ்' என்பது எம்-வி, 'ரிமூவ்' என்பது ஆர்-எம், 'லிங்க்' என்பது எல்-என். இவற்றில் எல்-எஸ் யூனிக்ஸுக்கும் முந்தையது. மல்டிக்ஸ் என்ற பழைய அமைப்பிலேயே 'லிஸ்ட்' கட்டளைக்கு அந்தக் குறும்பெயர் இருந்தது. யூனிக்ஸ் என்ற பெயரே மல்டிக்ஸை வைத்துச் செய்த சொல்விளையாட்டுதான். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் கையேட்டிலேயே இந்தக் குட்டைப் பெயர்கள் இருக்கின்றன.

காகிதக் காலத்தின் இன்னொரு தடயம் 'பிரிண்ட்' என்ற சொல். நாம் நிற்கும் டைரக்டரியின், அதாவது கோப்புகளை வைக்கும் அடுக்கின், பெயரைக் கேட்கும் கட்டளை பி-டபிள்யூ-டி. 'பிரிண்ட் வொர்க்கிங் டைரக்டரி' என்பதன் சுருக்கம். அன்று அது நிஜமாகவே காகிதத்தில் அச்சாகி வந்தது. பொதுப்பணித் துறையைச் சொல்லிப் பழகிய தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த மூன்று எழுத்தும் நாக்கில் தயாராகவே இருக்கும்.

சொல்லாகவா, எழுத்தாகவா?

புதிய பெயரைப் பார்த்ததும் முதலில் அதில் உயிரெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்: சி-டி, டி-எஃப், எஸ்-எஸ்-எச். சி-டி 'சேஞ்ச் டைரக்டரி'. முதலில் 'சி-எச்-டிர்' என்று நீளமாக இருந்ததை 1979-ல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் சுருக்கினார்கள். டி-எஃப் 'டிஸ்க் ஃப்ரீ', டி-யூ 'டிஸ்க் யூசேஜ்', டபிள்யூ-சி 'வேர்ட் கவுண்ட்'.

உயிரெழுத்து இருந்து, ஒரு மூச்சில் சொல்ல முடிந்தால் சொல்லாகவே சொல்லலாம். விதிவிலக்குகள் இரண்டெழுத்துப் பெயர்களில்தான் அதிகம். எழுத்தைத் திருத்தும் எடிட்டர்களில் ஈ-டியை 'எட்' என்றோ, வி-ஐயை 'வை' என்றோ பலர் சொல்கிறார்கள். அவற்றை உருவாக்கியவர்கள் வட்டாரத்தில் இரண்டையும் எழுத்தாகவே சொல்வார்கள். அதையே பின்பற்றுவது நல்லது.

முன்னும் பின்னும் ஒட்டு இருந்தால் பிரித்துச் சொல்லுங்கள். எம்-கே என்று தொடங்கினால் அது 'மேக்': மேக்-டிர், மேக்-எஃப்-எஸ். எல்-எஸ் என்று தொடங்கினால் ஏதோ ஒன்றைப் பட்டியலிடுகிறது: எல்-எஸ்-யூ-எஸ்-பி, எல்-எஸ்-சி-பி-யூ. பின்னால் எஸ்-எச் இருந்தால் ஷெல்; சி-டீ-எல் இருந்தால் 'கண்ட்ரோல்'; டி மட்டும் இருந்தால் டீமன், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். சிஸ்டம்-டி, எஸ்-எஸ்-எச்-டி எல்லாம் அந்தக் கடைசி வகை. கோப்புப் பெயரின் கடைசியில் ஆர்-சி இருந்தால் அது 'ரன் கமாண்ட்ஸ்'. தொடங்கும்போது ஓட வேண்டிய கட்டளைகள் அதில் இருக்கும்.

இன்னும் ஒரு சந்தேகம் இருந்தால், தட்டும் எழுத்து காதில் விழுகிற உச்சரிப்பைத் தேர்ந்தெடுங்கள். அழகான உச்சரிப்பைவிட அதுதான் வேலைக்கு ஆகும். கோப்பின் உரிமைகளை மாற்றும் கட்டளையைச் சிலர் 'சேஞ்ச் மோட்' என்பார்கள், சிலர் 'ச்மாட்' என்பார்கள். பேச்சில் எதுவும் சரி. எதிரில் இருப்பவர் தட்டும்போது 'சி-எச்-மாட்' என்று சொன்னால்தான் ஐந்து எழுத்தும் சரியாக விழும். சி-எச்-ஓன் கட்டளையும் அப்படியே. உரிமையாளரை மாற்றுவது என்பதால் கடைசிப் பகுதி 'ஓன்'; 'டவுன்' என்பதோடு ஓசை சேர்ந்து வராது.

தமிழ் நாக்கு தடுமாறும் இடங்கள்

தமிழ் எழுத்து ககரத்துக்கு ஒன்றுதான், டகரத்துக்கு ஒன்றுதான், பகரத்துக்கு ஒன்றுதான். வலித்துச் சொல்வதா மெலித்துச் சொல்வதா என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. தமிழுக்கு அது போதும். கட்டளைப் பெயர்களில் அந்த வேறுபாடுதான் எழுத்தையே மாற்றுகிறது. இணையத்தில் முகவரி தேடும் 'டிக்' மெலிந்த ககரத்தில் முடிகிறது. வல்லின ஒற்றாக அழுத்தினால் கடிகாரம் போடும் சத்தமாகிவிடும். பின்னணிக்கு வேலையை அனுப்பும் பி-ஜி 'பேக்ரவுண்ட்' என்பதன் சுருக்கம், எனவே அது பெங்களூரின் பி. ஓடும் நிரல்களைக் காட்டும் பி-எஸ் 'ப்ராசஸ் ஸ்டேட்டஸ்' என்பதன் சுருக்கம், எனவே அது பாரிஸின் பி. மூலச்சொல்லை ஒருமுறை மனதில் பதித்தால் இந்தச் சந்தேகம் திரும்ப வராது.

அடுத்தது முதலில் நிற்கும் ஒற்று. தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் க்ரெப் 'கிரெப்' ஆகிறது, இன்னும் இழுத்தால் 'கிரேப்' ஆகித் திராட்சைப் பழமாகிவிடுகிறது. எகரம் குறில்தான் என்பதை மறக்காமல் இருந்தால் போதும். குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குப் பிறவிச் சொத்து. இங்கே அது உதவிக்கு வருகிறது.

கடைசியில் நிற்கும் உகரத்தையும் கவனிக்க வேண்டும். வீடு, காடு என்ற சொற்களில் கடைசி உகரம் குறுகித் தேய்ந்துபோகிறது. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தது அதைத்தான். 'சூடு' என்று எழுதினால் நாம் அதை அப்படித்தான் படிப்போம், வெந்நீரின் சூடு போல. கட்டளையின் கடைசி ஒலியோ முழு நெடில்: சூடூ. உபுண்டூ என்ற இயக்க அமைப்பின் பெயரும் அப்படியே, கடைசியில் உதடு குவிய வேண்டும்.

கேட் என்பதில் உள்ள ஒலி 'பேங்க்' என்பதில் வருவது. 'கான்கேட்டினேட்', அதாவது ஒன்றோடொன்று கோத்தல் என்ற சொல்லின் நடுத்துண்டு அது. ஒரு கோப்பைப் பார்க்க மட்டும் பயன்படுத்திப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று கோப்புகளை வரிசையாகக் கொடுத்தால் அவற்றைக் கோத்துத் தருவதே அதன் பிறப்புத் தொழில்.

ஈ-டி பெற்ற பிள்ளைகள்

கட்டளைப் பெயர்களில் மிகச் செழிப்பான குடும்பம் ஈ-டியின் குடும்பம். கென் தாம்சன் எழுதிய எடிட்டர் அது. 'எடிட்டர்' என்பதன் முதல் இரண்டு எழுத்து. காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக மிகக் குறைவாகப் பேசும். தவறாகத் தட்டினால் ஒரே ஒரு கேள்விக்குறிதான் பதில்.

அந்த எடிட்டரில் ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் பார்க்க விரும்பினால், ஜி என்று தட்டி, இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் தேடும் கோலத்தைக் கொடுத்து, கடைசியில் பி என்று முடிக்க வேண்டும். ஜி என்பது 'க்ளோபல்', கோப்பு முழுவதும். பி என்பது 'பிரிண்ட்'. நடுவில் இருப்பது 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'. அதன் முதலெழுத்துகள் ஆர்-ஈ. நான்கையும் சேர்த்தால் க்ரெப். ஈ-டியால் பெரிய கோப்புகளைக் கையாள முடியவில்லை. அதனால் தேடும் பகுதியை மட்டும் தாம்சன் தனி நிரலாகப் பிரித்தெடுத்தார். 1973-ன் நான்காம் பதிப்புக் கையேட்டில் அது இடம்பெற்றது. ஒரு எடிட்டரின் உள்கட்டளை அப்படியே பெயராகிவிட்டது. இந்த மூலம் தெரிந்தவர் அதன் நான்கெழுத்தில் ஒன்றையும் மாற்றித் தட்டமாட்டார்.

க்ரெப்புக்கு ஈ-க்ரெப், எஃப்-க்ரெப் என்று இரண்டு உறவினர்கள் உண்டு. க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் புதிய பதிப்புகளில் இவற்றை ஓட்டினால் 'பழையது' என்று எச்சரிக்கை வரும். அவற்றுக்குப் பதிலாக க்ரெப்போடு கேப்பிட்டல் ஈ, கேப்பிட்டல் எஃப் என்ற தெரிவுகளைக் கொடுக்க வேண்டும். இங்கே 'கேப்பிட்டல்' என்று சொல்லாமல் விட்டால் தவறு நேரும்: சின்ன எஃப் வேறு வேலை செய்யும், தேட வேண்டிய கோலத்தையே ஒரு கோப்பிலிருந்து படிக்கப் போகும்.

லீ மக்மஹன் எழுதிய 'ஸ்ட்ரீம் எடிட்டர்'தான் முதலில் சொன்ன செட். ஓடிவரும் வரிகளை நிறுத்தாமல் திருத்துவது. 'எடிட்டர்' என்ற சொல்லில் இருக்கும் டி-யைத்தான் கடைசியில் ஒலிக்க வேண்டும் என்று நினைவில் வையுங்கள்.

ஆக் இந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. 1977-ல் ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் எழுதியது. குடும்பப் பெயர்களின் முதலெழுத்து மூன்று. எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆக் என்றொரு கடற்பறவை உண்டு, அதன் பெயர்போலவே சொல்லலாம். 'வாக்கிங்' என்ற சொல்லில் வகரத்தை விட்டுவிட்டு முதல் அசையைச் சொன்னால் அந்த ஒலி கிடைக்கும்.

வி-ஐ அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போன கிளை. பெர்க்லியில் பில் ஜாய் ஈ-டியை விரித்து ஈ-எக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். அதற்குள் திரை முழுவதும் காட்டும் முறைக்குப் போக 'விஷுவல்' என்று தட்ட வேண்டும். முதல் இரண்டு எழுத்து தட்டினாலே போதும். அந்த இரண்டெழுத்துதான் வி-ஐ. 1991-ல் பிராம் மூலெனார் வெளியிட்ட விம் ஒரே சொல். பாத்திரம் துலக்கும் சோப்பின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னால் சரி. முதலில் 'வி-ஐ போலி' என்ற பொருளில் இருந்த சுருக்கம் பின்னர் 'மேம்பட்ட வி-ஐ' என்று மாறியது, எழுத்து மாறவில்லை.

குழாயும் டீயும்

ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் பாய்ச்சுவது பைப். தோட்டத்துக் குழாயைத் திருகி இணைப்பதுபோல் நிரல்களை இணைக்க வேண்டும் என்று டக் மக்கில்ராய் 1964-லேயே எழுதிவைத்தார். 1973-ல்தான் யூனிக்ஸில் அது வந்தது. அந்த உவமையிலேயே டீ என்ற கட்டளையும் பிறந்தது. நம் ஊரில் குழாய் வேலை செய்பவர்கள் மூன்று வாய் கொண்ட இணைப்பை 'டீ' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். அதே டீதான் இது. ஒரு வாயில் வரும் தண்ணீர் இரண்டாகப் பிரிவதுபோல, வரும் எழுத்துகள் திரைக்கும் கோப்புக்கும் ஒரே நேரத்தில் போகும். கட்டளையாகத் தட்டும்போது மூன்றெழுத்து: டீ-ஈ-ஈ. குடிக்கும் டீயின் கடைசி எழுத்தை இங்கே போடக்கூடாது.

டார் 'டேப் ஆர்க்கைவ்'. காந்த நாடாவில் கோப்புகளைக் கட்டி வைக்க எழுதப்பட்டது, 1979-ன் ஏழாம் பதிப்பில் வந்தது. நாடா போய்விட்டது, பெயர் நிற்கிறது. ரோட்டுக்குப் போடும் தாரோடு உறவில்லை.

டி-டி கட்டளையில் நிதானம் தேவை. ஐபிஎம் பெருங்கணினிகளில் வேலை விவரம் எழுதும் அட்டைகளில் 'டேட்டா டெஃபினிஷன்' என்ற வரியில் டி-டி என்று வரும். பெயர் அதிலிருந்து வந்தது. மற்ற யூனிக்ஸ் கட்டளைகள் போலில்லாமல் ஐ-எஃப் சமம் இது, ஓ-எஃப் சமம் அது என்று எழுத வேண்டியிருப்பதும் அந்த ஐபிஎம் மரபின் எச்சம்தான். ஐ-எஃப் என்பது 'இன்புட் ஃபைல்', ஓ-எஃப் என்பது 'அவுட்புட் ஃபைல்'. இரண்டையும் மாற்றிப்போட்டால் எழுத வேண்டிய தட்டிலிருந்து படித்து, படிக்க வேண்டிய தட்டின் மேல் எழுதிவிடும். கேட்டு உறுதி செய்யாது, திரும்பவும் பெற முடியாது. இதை வாயால் சொல்லும்போது எழுத்துகளைச் சொல்லாமல் 'இன்புட் ஃபைல்', 'அவுட்புட் ஃபைல்' என்று முழுதாகச் சொல்லுங்கள். தட்டியதை எதிராளி திரும்பப் படித்துக்காட்டிய பிறகே என்டர் அழுத்தச் சொல்லுங்கள்.

இணைத்த தட்டைக் கழற்றும் யூ-மவுண்ட் கட்டளையில் ஓர் எழுத்து குறைவு. ஆங்கிலச் சொல்லில் யூவுக்குப் பின் என் உண்டு, கட்டளையில் இல்லை. பழக்கத்தில் அந்த என்னைச் சேர்த்துத் தட்டினால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்றுதான் பதில் வரும். 'அன்-மவுண்ட்' என்று சொல்வதை விட்டு 'யூ-மவுண்ட்' என்று சொல்லிப் பழகினால் விரலும் பழகிவிடும். கடவுச்சொல் மாற்றும் கட்டளையில் நடுவிலுள்ள ஓவும் ஆரும் இல்லை, யூனிக் என்பது க்யூவோடு முடிந்துவிடுகிறது. புதிதாகக் கோப்பு உண்டாக்கும் 'க்ரியேட்' என்ற உள்ளழைப்பிலும் கடைசி ஈ இல்லை. யூனிக்ஸைத் திரும்ப எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ஈயைச் சேர்ப்பேன் என்று தாம்சன் சொன்னது பதிவாகியிருக்கிறது.

சூடூவா, சூடோவா

முதல் கையேட்டிலேயே எஸ்-யூ என்ற கட்டளை உண்டு. முழு அதிகாரம் கொண்ட பயனராக மாறுவது. 'சூப்பர் யூசர்' என்பது அதன் முதல் பொருள். இப்போது வேறு எந்தப் பயனராகவும் மாற அது உதவுவதால் 'சப்ஸ்டிட்யூட் யூசர்' என்றும் விரிக்கிறார்கள். 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காகிஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அதோடு 'டூ', அதாவது செய் என்பதைச் சேர்த்தார்கள். முழுதாக மாறாமல் ஒரே ஒரு கட்டளையை மட்டும் அந்த அதிகாரத்தோடு செய்யச் சொல்வது.

மூலப்படி 'சூ-டூ'தான் சரி. 'போலி' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைப்போல 'சூடோ' என்பவர்களும் உலகெங்கும் நிறைய. யாரையும் திருத்த வேண்டியதில்லை. நீங்கள் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருந்தால் சூடூ என்றே சொல்லிக்கொடுங்கள், பெயரிலேயே அதன் வேலை தெரியும்.

ஷெல்களின் பெயர்கள்

எஸ்-எச் என்பதை 'ஷெல்' என்றே சொல்லலாம். ஏழாம் பதிப்புக்கு ஸ்டீஃபன் போர்ன் எழுதியது போர்ன் ஷெல். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் க்னூவுக்காக அதைப் புதிதாக எழுதியபோது 'போர்ன் அகெய்ன் ஷெல்' என்று பெயர் வந்தது, போர்ன் ஷெல்லின் மறுபிறவி. பாஷ் என்று ஒரே சொல். தமிழில் 'பாஷை' என்று தொடங்குவதுபோலச் சொன்னால் பகரம் மெலிந்து சரியாக வரும். சி-ஷெல் 'கடற்சிப்பி' என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒலிக்கும். 1990-ல் பால் ஃபால்ஸ்டட் எழுதிய ஸெட்-ஷெல்லின் பெயர், அப்போது பிரின்ஸ்டனில் இருந்த ஜாங் ஷாவ் என்பவரின் லாகின் பெயர். அமெரிக்கர்கள் 'ஸீ-ஷெல்' என்பார்கள், அது சி-ஷெல்லோடு குழம்பும். நாம் ஸெட் என்று சொல்வது இங்கே வசதி.

போர்ன் 'ஆல்கால் 68' என்ற மொழியின் பழக்கத்தைக் கொண்டுவந்ததால், 'இஃப்' என்று திறந்ததை அதன் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு 'ஃபி' என்று மூட வேண்டும். 'கேஸ்' என்று திறந்தால் 'ஈசாக்' என்று மூட வேண்டும். அந்தக் கணக்கில் 'டூ' என்று திறந்ததை ஓ-டி என்று மூட வேண்டும். அந்தப் பெயரில் 'ஆக்டல் டம்ப்' என்ற கட்டளை ஏற்கெனவே இருந்ததால் 'டன்' என்று வைத்தார்கள்.

டைரக்டரிகளும் டீமன்களும்

ஈ-டீ-சி என்ற டைரக்டரி 'எட்செட்ரா'. இதர பொருள்கள் போட்டுவைத்த இடம். 'எட்-சி' என்று சொல்வதே பரவலான வழக்கம். யூ-எஸ்-ஆர் என்பதை 'யூசர்' என்றே சொல்லுங்கள். தொடக்கத்தில் பயனர்களின் வீட்டு டைரக்டரிகள் அதில்தான் இருந்தன. 'யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று சொல்லப்படும் விரிவு பின்னாளில் கட்டியது. பின் என்பது 'பைனரி'. லிப் 'லைப்ரரி'யிலிருந்து வந்ததால் 'லைப்' என்றும் சொல்வார்கள், இரண்டும் புரியும்.

டீமன் என்ற சொல் 1963 வாக்கில் எம்ஐடியின் ப்ராஜெக்ட் மாக் குழுவில் புழக்கத்துக்கு வந்தது. மேக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் கற்பனை செய்த, மூலக்கூறுகளைச் சலிக்காமல் பிரித்துக்கொண்டே இருக்கும் சிறு பூதம்தான் முன்மாதிரி. டேமன் என்றும் சிலர் சொல்வார்கள். குறித்த நேரத்தில் வேலை செய்யும் டீமன் க்ரான். காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் அட்டவணை க்ரான்-டேப், 'டேபிள்' என்பதன் சுருக்கம். நோ-ஹப் என்பதை நடுவில் பிரித்துச் சொல்லுங்கள்: 'நோ ஹேங்-அப்'. மோடம் வழியே இணைந்திருந்தபோது தொலைபேசியை வைத்துவிட்டாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக.

மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலிதான் பெயர், எந்தச் சொல்லின் சுருக்கமும் அல்ல. நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. ஜகரம் இல்லை, மெலிந்த ககரம். ஜிம்முக்குப் போவதுபோல் 'ஜிட்' என்று சொல்ல வேண்டாம். க்னூவிலும் ககரம் ஒலிக்கும், நகரத்தோடு ஒட்டி ஒரே அசையாக. என்-ஜி-ஐ-என்-எக்ஸ் என்று எழுதும் வெப் சர்வரின் பெயர் 'எஞ்சின்-எக்ஸ்'. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கட்டளைகளில் கர்ல் ஒரே சொல், டபிள்யூ-கெட் பிரித்துச் சொல்வது.

தொலைபேசியில் சொல்லும்போது

முதலில் இடைவெளி. எங்கெல்லாம் ஸ்பேஸ் இருக்கிறதோ அங்கெல்லாம் 'ஸ்பேஸ்' என்று சொல்லுங்கள். இல்லாத இடத்தில் 'சேர்த்து' என்று சொல்லுங்கள். 'ஆர்-எம் ஸ்பேஸ் ஸ்டார் சேர்த்து டாட் ஓ' என்றால் ஓ என்று முடியும் கோப்புகள் மட்டும் அழியும். ஸ்டாருக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் ஸ்டார் தனியாக நின்று, புள்ளியில் தொடங்காத எல்லாக் கோப்புகளையும் அழித்துவிடும். கடைசியில் 'டாட் ஓ' என்ற கோப்பு இல்லை என்று ஒரு வரி வரும். அது வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

எழுத்தின் அளவையும் சொல்ல வேண்டும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்-எஸ்-எச் கட்டளைக்குப் போர்ட் எண் கொடுக்க சின்ன பி. அங்கே கோப்பை நகலெடுக்கும் அதன் தங்கையான எஸ்-சி-பிக்கு கேப்பிட்டல் பி. எல்-எஸ் கட்டளைக்கு எல் என்ற எழுத்தைக் கொடுத்தால் விவரமான பட்டியல். ஒன்று என்ற எண்ணைக் கொடுத்தால் வரிக்கு ஒரு பெயர். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதனால் 'எழுத்து எல்', 'எண் ஒன்று' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

சி-எச்-மாட்டின் 755 எழுநூற்று ஐம்பத்தைந்து அல்ல. 'ஏழு ஐந்து ஐந்து'. ஒவ்வோர் இலக்கமும் தனி: உரிமையாளர், குழு, மற்றவர். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1, மூன்றும் சேர்ந்தால் 7.

குறிகளில் '-' டேஷ் அல்லது ஹைஃபன். இரண்டு வந்தால் 'டேஷ் டேஷ்'. '/' ஸ்லாஷ், '\' பேக்ஸ்லாஷ். '~' டில்டா, அமெரிக்க விசைப்பலகையில் ஒன்றாம் எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதே விசையில் ஷிஃப்ட் இல்லாமல் கிடைப்பது பேக்டிக், அதை ஒற்றை மேற்கோள்குறி என்று எதிராளி நினைத்துவிடாமல் விசையின் இடத்தையும் சொல்லிவிடுங்கள். '|' பைப், பேக்ஸ்லாஷ் விசையில் ஷிஃப்ட்டோடு. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் வரும் '#!' இரண்டும் சேர்ந்தால் ஷபாங்.

முன்பின் பார்த்திராத பெயர் வந்தால் டெர்மினலிலேயே விடை இருக்கிறது. 'வாட்-இஸ்' என்பதை ஒரே சொல்லாக, ஸ்பேஸ் இல்லாமல் தட்டி, பின் ஸ்பேஸ் விட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். ஒற்றை வரியில் விளக்கம் வரும். மேன் கட்டளையோடு அதே பெயரைக் கொடுத்தால் 'மேனுவல்' பக்கம் திறக்கும். முதலில் இருக்கும் 'நேம்' பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான சுருக்கங்களின் மூலச்சொல் அந்த ஒரு வரியிலேயே ஒளிந்திருக்கும். ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளையா, தனிக் கோப்பா என்று பார்க்க 'டைப்' என்று தட்டிப் பெயரைக் கொடுங்கள். முதலில் சொன்ன இரண்டு செட்டுகளையும் இப்படிக் கேட்டால், ஒன்றை ஷெல்லின் உள்கட்டளை என்றும் மற்றொன்றை அது இருக்கும் டைரக்டரியோடும் காட்டும்.